மூன்றே உறுப்பில் ஒரு மேசை விளக்கு

காடாம்புலியூரில் கைவினைஞர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அளவில் மிகச் சிறியது. வட்டமான இரும்புத் தட்டு ஒன்று, வளைத்த இரும்புக் குழாய் ஒன்று, அலுமினியக் குடை ஒன்று ஆகிய மூன்று உறுப்புகளால் அமையும் மேசை விளக்கைப் பற்றியே பேசப்போகிறேன். வளர்ச்சிப் பணி என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1952 அக்டோபர் 2-ஆம் நாள் இந்நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோதே, வேளாண்மையோடு சிற்றூர்க் கைத்தொழிலும் அதன் அங்கமாக வைக்கப்பட்டது. கைத்தொழிலை விட்டுவிட்டு ஊர் வளர்ச்சி என்று பேசுதல் பொருந்தாது.

இவ்விளக்கை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரண்டு. இரவில் படிக்கும் நம் பிள்ளைகளின் கண் நலம் ஒன்று. இரும்பை அறுக்கவும், கடையவும், பற்றவைக்கவும் கற்றிருந்தும், சன்னல் கம்பியும் இரும்புக் கதவும் கேட்டு வருவோரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நம் பட்டறைகளின் நிலை மற்றொன்று. இவ்விரண்டு தேவைகளையும் ஒரே பொருளால் நிறைவு செய்ய இயலுமா என்பதே நம் முன் உள்ள வினா.

ஒளி எங்கே வேண்டும்?

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் நம் ஊர் இருக்கிறது. ஒரு புறம் வள்ளற்பெருமான் 1872-ஆம் ஆண்டில் சோதி வழிபாட்டுக்காகச் சத்திய ஞானசபையைத் திறந்த வடலூர். மிக அண்மையில் நெய்வேலி. அங்கே 1957-இல் சுரங்கம் தோண்டும் பணி தொடங்கிற்று. 1961 ஆகஸ்டுத் திங்களில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் அனல்மின் நிலையத்தின் முதல் பொறி மின்சாரம் தரத் தொடங்கிற்று. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் நிலையம் பல்லாண்டு உழைத்து 2020-இல் ஓய்வு பெற்றது. அதன் பின் வந்த நிலையங்கள் தொடர்ந்து இயங்குகின்றன.

இவ்வாறு ஒளிக்குப் பெயர் பெற்ற ஊர்களின் நடுவே நாம் வாழ்கிறோம். எனினும், மின்சாரம் உண்டாகும் இடத்துக்கு அருகில் இருப்பதனாலேயே பிள்ளையின் புத்தகத்தின்மீது வெளிச்சம் விழுந்துவிடாது. நம் வீடுகளில் விளக்கு பெரும்பாலும் சுவரின் உச்சியில் இருக்கிறது. பிள்ளையோ தரையில் அமர்ந்து, சாய்மேசையின்மீதோ மடியின்மீதோ குறிப்பேட்டை வைத்து எழுதுகிறது. விளக்குக்கு முதுகு காட்டி அமர்ந்தால் அதன் தலையின் நிழலே எழுத்தின்மீது விழுகிறது. விளக்கை நோக்கி அமர்ந்தாலோ கண் கூசுகிறது.

இங்கு ஒளியின் இயல்பு ஒன்றை நினைவில் கொள்ளுதல் நன்று. விளக்குக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவு இரு மடங்கானால், பொருளின்மீது விழும் ஒளி பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகிறது. இதையே திருப்பிப் பார்ப்போம். 2 மீட்டர் தொலைவில் இருந்த ஒரு சிறு விளக்கை 40 சென்டிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால் தொலைவு ஐந்தில் ஒன்றாகிறது. ஒளியோ 25 மடங்காகிறது. எனவே, பெரிய விளக்கை உயரத்தில் வைப்பதினும் சிறிய விளக்கை அருகில் வைப்பதே மேலானது.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. இவ்வட்டாரத்தில் முந்திரிப் பருப்பின் தோலை உரிப்பதும், முழுப் பருப்பையும் உடைந்ததையும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. பருப்பில் ஒட்டிய சிறு தோலையும், புழு துளைத்த பருப்பையும் கண்டு ஒதுக்குதற்குக் கைக்கு அருகில் ஒளி வேண்டும். பூத்தையல் செய்வோருக்கும், கடிகாரம் பழுது பார்ப்போருக்கும் அவ்வாறே.

எளிமை என்பது யாது?

மேசை விளக்குகள் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் விலை குறைந்தவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. மடங்கும் கழுத்து முறிந்தால் ஒட்டவைக்க இயலாமல் முழு விளக்கையும் எறிய நேர்கிறது. உலோகத்தில் செய்த விளக்கோ வளைந்தால் நிமிர்த்தலாம். வண்ணம் போனால் மீண்டும் பூசலாம். முற்றும் பயனற்றுப் போனாலும் பழைய இரும்பாக விலை பெறும். அதனினும் முதன்மையான வேறுபாடு, உலோக விளக்கை நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்யவும் செப்பனிடவும் முடியும் என்பதாகும்.

ஆனால் கடையில் உள்ள விளக்கின் பூவேலையையும் மினுமினுப்பையும் பார்த்து நாமும் அவ்வாறே செய்ய முற்பட்டால், பெருந்தொழிற்சாலையோடு விலையில் போட்டியிட இயலாது. நமக்குரிய வழி எளிமை. எளிமை என்பது கஞ்சத்தனம் அன்று. ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்தி, 'நீ இங்கே என்ன வேலை செய்கிறாய்?' என்று கேட்டு, விடை கூற இயலாத உறுப்பை நீக்கிவிடுவதே எளிமை.

இது நமக்குப் புதியதன்று. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் வார்க்கப்படும் பித்தளைக் குத்துவிளக்கைப் பாருங்கள். காவிரி வண்டலில் அச்சு அமைத்து உறுப்புகளைத் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, மரையிட்டு ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கிறார்கள். அகன்ற பாதம் விளக்குச் சாயாமல் காக்கிறது. தண்டு சுடரை உயர்த்துகிறது. கிண்ணம் எண்ணெயையும் திரியையும் தாங்குகிறது. உச்சியில் உள்ள பகுதி மங்கலத்துக்கும் அழகுக்கும் உரியது. அழுக்கேறினால் உறுப்புகளைக் கழற்றிப் புளியிட்டு விளக்கி மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். புவிசார் குறியீடு பெற்ற இக்கைவினையில், கழற்றவும் பூட்டவும் இயலும் அமைப்பு என்னும் அரிய பாடம் அடங்கியிருக்கிறது.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர், இந்திய அரசின் அழைப்பின்பேரில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். சிறந்த வடிவமைப்புக்கு அவர்கள் அதில் எடுத்துக்காட்டியது அரண்மனைப் பொருளை அன்று. நாம் அன்றாடம் நீர் மொள்ளும் செம்பை. பிடிக்க வாகான கழுத்து, சாய்த்தால் நீர் ஒழுங்காக விழும் வாய், தலையிலோ இடுப்பிலோ தங்கும் உருவம் என எதுவும் அதில் வீணில்லை. அவ்வறிக்கையை அடியொற்றி 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று.

வெளிநாட்டார் செய்த மேசை விளக்குகளிலிருந்தும் நாம் கற்கலாம். இங்கிலாந்தில் ஜார்ஜ் கார்வர்டைன் என்னும் பொறியாளர், மோட்டார் வண்டிகளின் வில் அமைப்பில் தேர்ந்தவர். அவர் 1932-இல் வில்களால் சமன் செய்யப்பட்ட உலோகக் கை விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். மனிதனின் கையைப் போல் அது மடங்கி, வைத்த இடத்தில் நிற்கும். பின்னர் 1972-இல் ரிச்சர்டு சேப்பர் என்பவர் இத்தாலிய நிறுவனம் ஒன்றுக்கு 'டிசியோ' என்னும் விளக்கை வடிவமைத்தார். அதன் அடிப்பாகத்தில் உள்ள மின்மாற்றி மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துவிடுவதால், அதன் உலோகக் கைகளே மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. தனிக் கம்பி வேண்டியதில்லை. ஒரே உறுப்பு இரண்டு வேலை செய்யும்போது மற்றோர் உறுப்பு தானே நீங்கிவிடுகிறது. இதுவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நெறி. வில் அமைப்புக்கு மிக நுட்பமான அளவுகளும் தனிவகை வில்களும் வேண்டுமாதலால், முதற்கண் அசையாத கையுடைய விளக்கையே நாம் மேற்கொள்வோம்.

அளவும் அமைப்பும்

வடிவமைப்பு என்பது இரும்பிலிருந்து தொடங்குவதில்லை; அமர்ந்திருக்கும் ஆளிலிருந்து தொடங்குகிறது. தரையில் அமரும் பிள்ளைக்கு முன் 25 சென்டிமீட்டர் உயரமுள்ள சாய்மேசை இருப்பதாகக் கொள்வோம். மேசைக்கு மேல் 35 சென்டிமீட்டர் உயரத்தில் குடையின் விளிம்பு அமைந்தால், அது தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் நிற்கும். பிள்ளையின் கண்மட்டம் இதற்குச் சற்று மேலே இருத்தல் வேண்டும். அப்போதுதான் விளக்கு கண்ணில் படாது. அதன் ஒளி மட்டும் ஏட்டில் படும். மிகச் சிறிய பிள்ளைக்கு இவ்வளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாற்காலியில் அமர்வோருக்கு வேறு அளவு வேண்டும். ஆகவே செய்யுமுன் வீட்டுக்குச் சென்று அளந்து வருதல் முதல் வேலை.

அடித்தட்டு 16 சென்டிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் கனமும் உடைய இரும்பாக இருக்கட்டும். அதன் எடை ஏறத்தாழ 950 கிராம். தண்டு 12 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1 மில்லிமீட்டர் சுவரும் உடைய இரும்புக் குழாய். தட்டின் நடுவில் அன்றி, அதற்கு 6 சென்டிமீட்டர் பின்னால் தண்டை நிறுத்தி, மேலே வளைத்து 18 சென்டிமீட்டர் முன்னோக்கி நீட்டினால், குடை தட்டின் முன்விளிம்பைக் கடந்து 4 சென்டிமீட்டர் வெளியே தொங்கும்.

இது கவிழாதா என்று கேட்பீர்கள். ஏற்றக்கோல் கணக்கே இதற்கு விடை. முன்விளிம்பைத் தாங்குபுள்ளியாகக் கொள்ளுங்கள். முன்னே இழுப்பது 150 கிராம் எடையுள்ள குடை, தொலைவு 4 சென்டிமீட்டர், பெருக்கினால் 600. பின்னே பிடித்து நிறுத்துவது 950 கிராம் தட்டு, தொலைவு 8 சென்டிமீட்டர், பெருக்கினால் 7,600. தண்டின் எடையைச் சேர்க்காமலே பிடிப்பு 12 மடங்குக்கு மேல் இருக்கிறது. கணக்கோடு நின்றுவிடாமல் சோதித்தும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின்மீது விளக்கை வைத்து, பலகையின் ஒரு முனையை 10 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். நான்கு புறமும் திருப்பி வைத்து உயர்த்தியும் விளக்குக் கவிழாமல் நின்றால் நன்று. சிறுபிள்ளை இழுத்தால் விழக்கூடும் என்பதால், இந்த எடையைக் குறைத்து மிச்சம் பிடிக்க எண்ணுதல் கூடாது.

குடையை அலுமினியத்தில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்.இ.டி. ஒளியைத் தருவதோடு தன் பின்புறத்தில் வெப்பத்தையும் உண்டாக்குகிறது. அவ்வெப்பம் வெளியேறாவிட்டால் அதன் ஆயுள் குறையும். அலுமினியக் குடையோடு அதை இறுகப் பொருத்திவிட்டால், குடையே வெப்பத்தை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். ஒளியைக் கீழே திருப்புதல், கண்ணை மறைத்தல், வெப்பத்தை நீக்குதல் ஆகிய மூன்று வேலைகளை ஒரே உறுப்பு செய்கிறது. குடையின் உட்புறத்துக்கு மினுக்கு ஏற்றாமல் வெண்மையான மங்கல் பூச்சு இடுங்கள்; ஒளி திட்டுத் திட்டாக விழாமல் பரவும்.

எழுதப் படிக்க 300 முதல் 500 லக்ஸ் வரை ஒளி வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 5 வாட் எல்.இ.டி. ஏறத்தாழ 400 லூமென் ஒளி தரும். குடையில் ஒரு பங்கு வீணாகி 280 லூமென் மேசைக்கு வருவதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அது பரவினால், சராசரியாக 350 லக்ஸ் கிடைக்கும். நாள்தோறும் 4 மணி நேரம் எரித்தாலும் திங்கள் ஒன்றுக்கு ஒரு யூனிட் மின்சாரம்கூடச் செலவாகாது.

குறைக்கக் கூடாதது

எல்லாவற்றையும் குறைக்கலாம் என்றேன். ஒன்றை மட்டும் குறைக்கக் கூடாது. அது பாதுகாப்பு. மேசை விளக்கு உலோகத்தால் ஆனது. அதைத் தொடுவது பிள்ளையின் கை. 230 வோல்ட் மின்சாரத்தைக் குழாய்க்குள் கொண்டு சென்றால், கம்பியின் உறை ஓரிடத்தில் கிழிந்தாலும் விளக்கு முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். அவ்வகை விளக்கில் எர்த் எனப்படும் மூன்றாவது கம்பி உலோகத்தோடு உறுதியாக இணைக்கப்பட்டே தீர வேண்டும். விளக்கில் இணைத்தால் மட்டும் போதாது; வீட்டின் சுவரில் உள்ள மூன்றாம் துளையும் உண்மையில் நிலத்தோடு தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் இதனை நாம் நம்பியிருக்க இயலாது.

எனவே நம் விளக்கு 5 வோல்ட்டில் இயங்குவதாக இருக்கட்டும். கைப்பேசிக்கு மின்னூட்டும் அடாப்டரே இதற்குப் போதும். 230 வோல்ட் சுவரோடு நின்றுவிடும். உலோகத்துக்குள் வருவது தீங்கற்ற சிறு அழுத்தம். ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தியத் தரநிலைப் பணியகத்தின் பதிவெண் பொறித்த அடாப்டரை மட்டுமே கொடுக்க வேண்டும். பெயரும் எண்ணும் இல்லாத மலிவான அடாப்டரில் உட்காப்பு பழுதானால், 230 வோல்ட்டும் குழாய்க்கு வந்துவிடக்கூடும். விளக்குகளுக்குரிய ஐ.எஸ். 10322 என்னும் இந்தியத் தரநிலையையும், விற்பனைக்கு முன் பெற வேண்டிய சான்றுகளையும் கேட்டறிந்து, அதன்பின்னரே சந்தைக்குச் செல்லுதல் வேண்டும்.

5 வோல்ட்டில் மற்றொரு நன்மையும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததையும், மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் நின்றாலும், கைப்பேசிக்கு உதவும் 10,000 மில்லி ஆம்பியர்-மணி மின்சேமிப்புக் கலம் ஒன்றில் இவ்விளக்கை இணைத்தால் ஏறத்தாழ 5 அல்லது 6 மணி நேரம் எரியும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

குழாயை வளைக்கும்போது அது நசுங்காதிருக்க, உலர்ந்த மணலைக் கெட்டியாக நிரப்பி இரு முனைகளையும் அடைத்துக்கொண்டு வளையுங்கள். வளைவின் ஆரம் 5 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். வளைத்தபின் மணலை முற்றும் தட்டி வெளியேற்ற வேண்டும். குழாயின் வெட்டுமுனையிலும் கம்பி வெளிவரும் துளையிலும் பிசிறு இருந்தால் அது கத்தி போலக் கம்பியை அறுக்கும். அரத்தால் நன்கு தேய்த்து, துளையில் ரப்பர் வளையம் பொருத்துங்கள். கம்பியை யாரேனும் இழுத்தாலும் உள்ளிருக்கும் பற்றாசு இணைப்பு விடுபடாதபடி, உள்ளே ஒரு கவ்வி அதனைப் பிடித்திருக்க வேண்டும்.

மெல்லிய குழாயை கனத்த தட்டோடு நேரே பற்றவைத்தால் குழாய் உருகித் துளைபடும், தட்டும் கோணும். அதற்குப் பதிலாக, கடைசல் பிடித்து மரையிட்ட சிறு கட்டையைக் குழாயின் முனையில் பொருத்தி, தட்டின் அடியிலிருந்து திருகி இறுக்குங்கள். நாச்சியார்கோயில் விளக்கின் முறை இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. தட்டின் அடியில் விளிம்பை ஒட்டி ரப்பர் வளையம் ஒட்டினால் மேசை கீறாது, விளக்கும் வழுக்காது. கடற்காற்றுக்கு அண்மையில் உள்ள மாவட்டமாதலால், துருவை முற்றும் நீக்கிய பின்னரே பவுடர் கோட்டிங் செய்ய வேண்டும். துருவின்மேல் பூசிய பூச்சு ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது.

இவ்வேலைகள் அனைத்தையும் ஒருவரே செய்ய வேண்டுவதில்லை. வெட்டுதலும் வளைத்தலும் ஒரு பட்டறையில், கடைசல் வேறொரு பட்டறையில், கம்பி இணைத்தலும் சோதித்தலும் பயிற்சி பெற்ற மகளிர் குழுவிடம் எனப் பிரித்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே அளவுச் சட்டத்தைப் பயன்படுத்தினால், ஒருவர் செய்த குழாய் மற்றவர் செய்த தட்டில் பிசகின்றிப் பொருந்தும். உறுப்பு மாற்றித் தரும் வசதியும் அதனால் உண்டாகும்.

முதலில் பத்து விளக்குகள் மட்டும் செய்வோம். அவற்றைப் பத்து வீடுகளில் ஒரு திங்கள் வைத்து, பிள்ளைகளும் தாய்மார்களும் கூறும் குறைகளை எழுதி வாங்குவோம். திருத்திய பின் விலையைக் கணக்கிடுவோம். இரும்பு, மின்பொருள், பூச்சு, கூலி, சிப்பம், பழுது பார்க்க ஒதுக்கும் தொகை என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். கூலியைக் குறைத்துக் காட்டி விலையைக் குறைத்தால் தொழில் நிலைக்காது. கணக்கு ஒத்துவருகிறது என்று கண்ட பின்னரே மாவட்டத் தொழில் மையத்தின் வாயிலாகக் கடனுதவி கேட்பது முறை. கடன் முதலில், கணக்குப் பின்னர் என்னும் வழக்கம் பல சிறு தொழில்களை வீழ்த்தியிருக்கிறது.

நண்பர்களே! நம் இளைஞர்களுட் பலர், நெய்வேலியில் வேலை கிடைத்தால் அன்றித் தாம் கற்ற தொழிலுக்குப் பயனில்லை என்று எண்ணி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். பெரிய தொழிற்சாலையில் எல்லோருக்கும் இடம் இராது. ஆனால் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விளக்குக்கு இடம் உண்டு. அது பழுதுபட்டால் செப்பனிடத் தெரிந்த கைக்கு ஒவ்வோர் ஊரிலும் இடம் உண்டு. ஒரு மேசை விளக்கினால் ஊரின் வறுமை நீங்கிவிடும் என்று நான் கூறமாட்டேன். இதனைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டால், அளந்து செய்தல், சோதித்து விற்றல், விற்றதற்குப் பொறுப்பேற்றல் என்னும் மூன்று பழக்கங்கள் நம் பட்டறைகளில் நிலைபெறும். அவை நிலைபெற்ற பின், அடுத்த பொருளைச் செய்ய யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூட்டம் முடிந்ததும் தட்டுக்கும் குழாய்க்கும் உரிய அளவுப் படத்தை ஒன்றிய அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். முதல் பத்து விளக்குகளைச் செய்ய முன்வருவோர் இன்றே பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.